ஒளிப்பதிவாளர் சங்கத்தின் மூன்றாம் தலைவர்

என் குரலை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயலின் வைத்திருந்தார்கள்.

அதியன்னூரில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் ஒளிப்பதிவாளர் சங்கத்தின் ஆண்டு விழா. மேடையில் திரை கட்டி, சங்கத்தை இதுவரை நடத்திய தலைவர்களைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். படத்தின் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம் வந்தது. நல்ல மழை. சீரியல் ஷூட்டிங்குக்கு வைத்த லைட்டுகள் அணைந்து நிற்கின்றன. கேமரா ஏற்றிய வேனை மறித்து எங்கள் ஆட்கள் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷாட் லேசாக ஆடுகிறது. அது என் கை ஆட்டம். ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நான் எடுத்த ஷாட் அது.

கத்தலைக் காணவில்லை. வயலின் அழுதது. மலையாளத்தில் ஒரு கனத்த ஆண்குரல், நம் தலைவரின் துணிச்சலான தலைமையில் நடந்த போராட்டம் என்று சொன்னது. அடுத்த ஷாட்டில் தலைவர், ஸ்டூடியோவில் மேக்கப் போட்டு உட்கார்ந்து சிரித்தார்.

மண்டபம் கை தட்டியது. அன்று சேற்றில் உட்கார்ந்திருந்த ஆட்களே அங்கே உட்கார்ந்து கை தட்டினார்கள். எனக்குக் காது அடைத்துப்போனது.

இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர் பழைய பிலிம் காலத்து ஆள். திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் துணைக் கேமராமேனாக இருந்து, டைட்டிலில் பெயர் வராமலே பல படங்களுக்கு உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பாறசாலை, நெய்யாற்றின்கரை, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் களியக்காவிளை வரைக்கும் கேமரா பிடிக்கிற எல்லோரையும் கூட்டி, பாறசாலையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து நடத்தினார். சாகும்வரை அவர்தான் தலைவர். எரிந்து விழுவார். ஆனால் ஒரு ஆளுக்கு ஒன்று என்றால் முதலில் போய் நிற்பார்.

அவருக்குப் பிறகு வந்தவர்தான், படத்தில் சிரித்த இந்த ஸ்டூடியோக்காரர். கேமரா, லென்ஸ், கிரேன், லைட்டு, ஜெனரேட்டர் என்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். சீரியல் கம்பெனிகளுக்கும் அவர்தான் கொடுக்கிறார், எங்களுக்கும் அவர்தான் கொடுக்கிறார். எங்களுக்கும் கம்பெனிக்கும் சண்டை வந்தால் இவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் தலைவரான அன்றே என்னைத் துணைத் தலைவராகப் போட்டார்கள். ஒரு பெண் இருந்தால் போஸ்டரில் நன்றாக இருக்கும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு பெண் வேண்டும் என்பதால்தான். எங்கள் திருச்சபையில் ஒரு கல்யாணம். மணப்பெண் உடுத்துகிற அறைக்குள் ஆண் கேமராமேன் வரக்கூடாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். பாட்டுக் குழுவில் நின்றிருந்த என் கையில் கேமராவைக் கொடுத்து, பொத்தானைக் காட்டி உள்ளே தள்ளினார்கள். வெளியே வரும்போது இதுதான் என் வேலை என்று தெரிந்துவிட்டது. பிறகு திருவனந்தபுரத்தில் சீரியல் யூனிட்டுகளில் கேபிள் சுருட்டி, போக்கஸ் பிடித்து, கடைசியில் தனியாகக் கேமரா செய்கிற அளவுக்கு வந்தேன். பாறசாலையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிப் போய் வந்த வருடங்கள் அவை. யூனிட்டில் என்னைக் கேமரா சேச்சி என்பார்கள். பேச்சில் தமிழ் வாடை வந்தால், தமிழரை இளக்காரமாகச் சொல்கிற சொல்லைச் சேர்த்து, பாண்டி சேச்சி என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்து வைப்பேன்.

ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் நின்றன. ஷூட்டிங் நின்றது. எல்லையில் தடுப்பு வைத்தார்கள். களியக்காவிளைப் பக்கம் இருந்த எங்கள் உறுப்பினர்களுக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்த பாறசாலை வேறு நாடாகிவிட்டது. எல்லோரும் தலைவரைக் கூப்பிட்டார்கள். தலைவருக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டது. உடல்நிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று வாட்சப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு போனை அணைத்துவிட்டார். தலைவர் விலகினால் துணைத் தலைவர் தலைவர் ஆவார் என்று சங்க விதி சொல்கிறது. அப்படித்தான் நான் மூன்றாவது தலைவர் ஆனேன். அன்று அந்த நாற்காலி வேண்டும் என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

அரிசி பிரித்துக் கொடுத்தோம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு மூத்த கேமராமேனுக்கு இந்தப் பக்கமிருந்து மருந்து வாங்கி, போலீஸ்காரரிடம் கெஞ்சி, தடுப்புக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மக்கா, நீ உண்டுல்லா, அது போதும்" என்றார். அவரும் விழாவில் இருந்தார். அவரும் கை தட்டினார்.

மெல்ல ஷூட்டிங் திரும்ப ஆரம்பித்தபோது ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சீரியல் வேலை. மழைக்காலம். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்கவில்லை. போக்கஸ் பார்க்கிற துணைக் கேமராமேன் ஒருவன், அதே ஊர்க்காரன், கல்யாணமாகிக் கைக்குழந்தை உள்ளவன், ஈரக் கையோடு லைட் ஸ்டாண்டை நகர்த்தப் போனான். மின்சாரம் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தான். வலது கை விரல்கள் மடங்காமல் போயின. போக்கஸ் பிடிக்கிறவனுக்கு அந்த விரல்கள்தான் சோறு.

கம்பெனி மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளே அதே தோட்டத்தில், அதே ஜெனரேட்டரை வைத்து ஷூட்டிங் தொடங்கினார்கள். நான் அங்கே போனேன். சங்கத்து ஆட்கள் பின்னால் வந்தார்கள். வேனை மறித்தோம். போகும் வழியிலேயே ஸ்டூடியோக்காரர் எனக்கு போன் செய்தார். ரத்த அழுத்தம் குறைந்திருந்தது போலும்.

"எலே பிள்ளே, நீ என்ன செய்யணும்னு நெனச்சோண்டு போற? கம்பெனி போச்சுன்னா நம்ம ஆளுகளுக்குத்தான் பட்டினி. பைய பேசித் தீக்கலாம், திரும்பி வா."

"ஜெனரேட்டர் ஆருக்க?" என்று கேட்டேன்.

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"நிங்களுக்கதுதானே? எர்த் அடிக்காத ஜெனரேட்டரக் குடுத்துப்போட்டு, எனக்க கிட்ட பைய பேசச் சொல்லுகியளா?"

வைத்துவிட்டார். தோட்டத்தில் வேனை மறித்ததும் நான் கேமராவை ஆன் செய்தேன். நாளைக்கு எங்கள் மேல் ஏதாவது பொய்ப் புகார் வந்தால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே. எடுத்துக்கொண்டே கத்தினேன். ஆஸ்பத்திரிச் செலவை ஒப்புக்கொள்ளாமல் ஒரு வண்டி இங்கிருந்து நகராது என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிக் கத்தினேன். மாலை வெளிச்சம் போகும் முன் கம்பெனி ஒப்புக்கொண்டது. எழுதிக் கொடுத்தார்கள். இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை.

நிலைமை சரியான பிறகு தேர்தல் வைத்தோம். ஸ்டூடியோக்காரர் எனக்கு எதிராக நின்றார். பழைய பாக்கியைப் பிறகு தரலாம், புது லென்ஸ் முதலில் உனக்குத்தான் என்று ஒவ்வொருவரிடமும் பேசினார். ஜெயித்தார். தோற்றது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. தேர்தல் என்றால் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். ஆனால் தோற்பது வேறு, இல்லாமலே ஆக்கப்படுவது வேறு.

மறுபடி அந்த விழாவின் கதைக்கு வருகிறேன். படம் முடிந்து விளக்கு போட்டதும் முன்னாள் தலைவர்களுக்கு மரியாதை. முதல் தலைவரின் மகனை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு இப்போதைய தலைவருக்கு, அவர்தான் இரண்டாவது தலைவரும் என்பதால், இரண்டு தரம் போர்த்தினார்கள். செயலாளர் நன்றியுரைக்கு மைக்கைப் பிடித்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு கேள்வி உண்டு. அந்தத் தோட்டத்து ஷாட்டு ஆரு எடுத்தது?"

செயலாளர் மேடையிலிருந்து குனிந்து, "சேச்சி ஒண்ணு இரிக்கூ, இது ஆகோஷமல்லே" என்றார். கொண்டாட்டமாம், உட்கார வேண்டுமாம்.

"எடுத்தது ஆருன்னு கேக்கியேன். அன்னைக்குத் தலைவர் ஆரு? சொல்லீட்டு ஆகோஷிங்க."

பின்னாலிருந்து யாரோ, "மலையாளத்தில் பறா" என்றான். சிரிப்பு எழுந்தது. எனக்கு மலையாளம் அவனைவிட நன்றாக வரும். அன்று வேண்டுமென்றே தமிழிலேயே நின்றேன்.

"உங்களுக்கு விளங்குற வரைக்கும் தமிழ்லதான் கேப்பேன். ஆரு தலைவர்?"

ஸ்டூடியோக்காரர் மைக்கை வாங்கினார். இரண்டு பொன்னாடையும் தோளில் கிடந்தன. அவர் மிகவும் மெதுவாக, பெரியமனிதத் தோரணையில், "மக்கா, அது ஒரு தற்காலிகப் பொறுப்பு ஆக்கும். ஆக்டிங். வரலாறுன்னு சொன்னா தேர்ந்தெடுத்த தலைவர்களத்தான் சொல்ல முடியும். நீ கோபப்படாத. உனக்கு வனிதா பிரிவுக்க பொறுப்பு தரணும்னு நாங்க ஏற்கெனவே பேசியாச்சு" என்றார்.

மொத்தச் சங்கத்திலும் பெண்கள் என்று விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. "அந்தப் பொறுப்ப நிங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யாரும் கூட வரவில்லை. சாப்பாட்டு வரிசை அதற்குள் தொடங்கியிருந்தது.

வெளியே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் படத்தை வெட்டியது யார்? விரல் மடங்காமல் போன ஆரியங்கோட்டுக்காரனுக்கு ஸ்டூடியோக்காரர் பிறகு எடிட்டிங் அறையில் வேலை கொடுத்திருந்தார். அதைப் பார்த்து நல்ல மனசு என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. அவன் மனைவி சாயா போட உள்ளே ஓடினாள்.

"எனக்க சத்தத்த வெட்டினது நீதானா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெட்டச் சொன்னாவ, அக்கா" என்றான்.

"ஆருக்காக அன்னைக்குக் கத்தினேன்?"

"எனக்குத்தான்."

"நீ அத எத்தன தரம் கேட்டே, வெட்டுகதுக்கு?"

"நிறைய தரம்." அவன் வலது கையை நீட்டிக் காட்டினான். "அக்கா, வேற எங்க போவேன்? இந்தக் கைய வச்சோண்டு கேமரா பக்கம் ஆரு விடுவாவ? இடது கையில மவுசு பிடிச்சுப் படிச்சேன். வேலய விட்டா பிள்ளைக்குப் பாலு வேண்டாமா?"

பாவம் என்று நினைத்தேன். அதே நேரம் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் நின்று முட்டின. ஒருவனின் கையை எடுத்தது அந்த ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரின் சொந்தக்காரர் அதே ஆளுக்குச் சோறு போட்டு, அதே ஆளின் மிச்சக் கையை வைத்து என் வாயை மூடுகிறார். இதில் அவனை மட்டும் எப்படித் திட்டுவது? ஆனாலும் மன்னித்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் இல்லை. சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என் கணவர் பாறசாலையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறவர். சத்தம் போடாத ஆள். "விட்டுரு, போகட்டும்" என்று சொல்லியிருந்தால் அன்று பெரிய சண்டை வந்திருக்கும். அவர், "பொதுக்குழு எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

பொதுக்குழு அடுத்த மாதம் வந்தது. நான் இரண்டு தீர்மானம் கொடுத்தேன். ஒன்று, ஊரடங்குக் காலத்தில் நான் தலைவராக இருந்ததைச் சங்க வரலாற்றில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, கம்பெனிகளுக்குக் கருவிகள் வாடகைக்குக் கொடுக்கிற யாரும் சங்கத் தலைவராக இருக்கக்கூடாது என்று விதியைத் திருத்த வேண்டும். இரண்டாவதைப் படித்ததும் செயலாளர் சிரித்துவிட்டார். எதுவும் நிறைவேறாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தலைவரும் தடுக்கவில்லை. என்னை எல்லோர் முன்னாலும் இரண்டு தரம் தோற்கடிக்கிற ஆசை அவருக்கு.

முதல் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கும் முன் ஒவ்வொருவரும் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் அவர் கால் மேல் கால் போட்டு, யார் தூக்குகிறார்கள் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். சர்க்கரை மாத்திரைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆரியங்கோட்டுக்காரன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். தோற்றேன்.

இரண்டாவது தீர்மானம் விதித் திருத்தம். அதற்குக் கை தூக்கினால் போதாது, சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும் என்று முதல் தலைவர் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்து வாக்கெடுத்தார்கள். செயலாளரே எண்ணினார். எண்ண எண்ண முகம் மாறியது. இன்னொரு தரம் எண்ணினார். பிறகு மைக்கைத் தொடாமலே, திருத்தம் நிறைவேறியது என்று முணுமுணுத்தார். தேவையானதற்கு வெகு மேலேயே விழுந்திருந்தது.

ஸ்டூடியோக்காரர் காலைக் கீழே போட்டார். ஸ்டூடியோவா, பதவியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படி இறங்கி முற்றத்துக்கு வந்தேன். அங்கே ஒவ்வொருத்தராக என் பக்கத்தில் வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, கிசுகிசுத்தார்கள். "சேச்சிக்குத்தான் போட்டேன், கேட்டியளா." "நம்ம வோட்டு உங்களுக்குத்தான் ஆக்கும்." கடைசியில் ஆரியங்கோட்டுக்காரனும் வந்தான். பைக்குகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அக்கா, நான் ஆமான்னு எழுதினேன்" என்றான்.

எனக்குள் அதுவரை அடக்கி வைத்திருந்தது முழுவதும் வெடித்தது.

"எலே, எனக்க காதுல எதுக்குலே சொல்லுக? உள்ள போயி அவருக்க காதுல சொல்லு! ஒளிஞ்சிருந்து எழுதத் தெரியும், ஒரு கைய மேல தூக்கத் தெரியாதா ஒங்களுக்கு? நான் தலைவரா இருந்தேன்னு சொல்லுகதுக்கு அவ்வளவு பயமா?"

முற்றம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவன் அழுதான். நான் தேற்றவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

மறு வாரம் ஸ்டூடியோக்காரர் விலகினார். துணைத் தலைவராக இருந்த, டிரோன் கேமரா பறக்கவிடுகிறவர் விதிப்படி தலைவர் ஆனார். நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம். வாட்சப் குழுவில் வந்த அறிவிப்பில் அவரைத் தலைவர் என்றே போட்டிருந்தார்கள். தேர்தல் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ஒருத்தன்கூட ஆக்டிங் என்று எழுதவில்லை. நான் அதைப் படித்துவிட்டு போனைச் சோபாவில் விட்டெறிந்தேன்.

அந்தப் புதுத் தலைவர் கொஞ்ச நாளில் எனக்கு போன் செய்தார். மலையோரத்தில் ஒரு சீரியல் வேலை. பெரிய ஜெனரேட்டர். போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் கம்பெனிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "சேச்சி ஒண்ணு வந்தா மதி" என்று இழுத்தார். நான் வந்தாலே போதுமாம். போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். என் பெயரைச் சொல்ல வாய் வராதவர்களுக்கு என் வாய் மட்டும் எதற்கு? பிறகு, அங்கே ஈரத்தில் லைட் ஸ்டாண்டைத் தூக்கப்போகிறவன் யாரோ, அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று தோன்றியது. போனேன்.

எர்த் கம்பி அடிக்காமல்தான் வைத்திருந்தார்கள். அடிக்கச் சொன்னேன். மேனேஜர் நேரமாகிறது, நடிகை காத்திருக்கிறாள், நீங்கள் யார் இதைச் சொல்ல என்று கன்னாபின்னாவென்று திட்டினார். நானும் திட்டினேன். அவரைவிட நன்றாகவே திட்டினேன். எலெக்ட்ரீஷியன் சம்மட்டியை எடுத்தார். கம்பி மண்ணுக்குள் முழுதாக இறங்கும்வரை ஒருவரும் கேமராவைத் தொடவில்லை.